நல் எங்கே தொலைந்தது: ஆவ்ரோ, புரோட்டோபஃப், ஜேசான் மூன்றிலும் அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

ஒரு மழைமானி நிலையம் தினமும் காலையில் ஒரு பதிவு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மழை அளவு 0 என்று வந்தால் மழை பெய்யவில்லை. நல், அதாவது "மதிப்பு இல்லை" என்ற குறி, வந்தால் மானி பழுது, அளக்க முடியவில்லை. மழை அளவு என்ற ஃபீல்டே பதிவில் வராவிட்டால், அந்த நிலையத்தில் மழைமானியே இல்லை, அல்லது அனுப்பும் மென்பொருள் பழைய பதிப்பு. மூன்றும் மூன்று வேறு செய்திகள். மூன்றையும் "காலி" என்று ஒரே மூட்டையாகக் கட்டிய இடத்தில்தான் பிழை உட்கார்ந்திருக்கும்.

ஜேசான், ஆவ்ரோ, புரோட்டோபஃப் மூன்றும் இப்படிப்பட்ட பதிவுகளை நிரல்களுக்கிடையே அனுப்பும் வடிவங்கள். ஜேசானில் அந்த மூன்று செய்திக்கும் இடம் உண்டு. ஆவ்ரோவில் "வராத ஃபீல்டு" என்று ஒன்று கிடையாது. ஸ்கீமாவில் (எந்தெந்த ஃபீல்டு, என்ன வகை என்ற வரையறையில்) எழுதிய ஒவ்வொரு ஃபீல்டும் பைட் வரிசையில் தன் முறைக்கு வந்தே தீரும், மதிப்பு இல்லையென்றால் நல் ஆகவாவது. புரோட்டோபஃப் இதற்கு நேர் எதிர். அங்கே நல் என்ற மதிப்பே கிடையாது. ஃபீல்டு வந்தது அல்லது வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் மூன்றில் ஏதோ ஒன்று கீழே விழும். எது விழலாம் என்று நாம் முடிவு செய்யாவிட்டால் லைப்ரரி முடிவு செய்துவிடும், நம்மிடம் சொல்லாமல்.

தமிழில் எழுதும்போது "நல்" என்பது ஏதோ நல்ல விஷயம் போலத் தெரிகிறது. வேறு வழியில்லை. ஃபீல்டு பெயர்களையும் படிக்க வசதியாகத் தமிழிலேயே தருகிறேன். அப்படியே ஆவ்ரோவில் போடாதீர்கள், அங்கே பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் செல்லும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பைட்

ஸ்டாக் ட்ரேஸைப் படிப்பதற்கு முன் கம்பியில் என்ன போனது என்று பார்த்துவிடுவது என் பழக்கம். நல் தொலைந்த இடமும் எக்ஸெப்ஷன் வெடித்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

மழை அளவை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக, முழு எண்ணாக அனுப்புகிறோம். 5 மி.மீ. மழை என்றால் 50. ஆவ்ரோவில் அந்த ஃபீல்டின் வகை "நல், இன்ட்" என்ற யூனியன், அதாவது நல் அல்லது முழு எண். ஹெக்ஸில் பார்த்தால் நல் என்பது 00 என்ற ஒரே பைட். மதிப்பு 0 என்றால் 02 00. மதிப்பு 50 என்றால் 02 64. முதல் பைட் யூனியனில் எந்தக் கிளை என்பதைச் சொல்கிறது. ஜிக்ஜாக் முறையில் நேர்ம எண்கள் இரட்டிப்பாவதால் 1-ஆம் கிளை 02 ஆகிறது, 50 என்பது 100, அதாவது ஹெக்ஸில் 64 ஆகிறது. நல் கிளைக்குப் பின்னால் எதுவுமே எழுதப்படாது.

புரோட்டோபஃபில் அதே ஃபீல்டுக்கு எண் 2, வகை இன்ட்32 என்று வைத்தால், 50 என்பது 10 32. "ஆப்ஷனல்" போட்ட ஃபீல்டில் 0 வைத்தால் 10 00. வைக்காமல் விட்டால் ஒரு பைட்டும் இல்லை. "ஆப்ஷனல்" போடாத புரோட்டோ3 (புரோட்டோபஃப் ஸ்கீமா மொழியின் மூன்றாம் பதிப்பு) ஃபீல்டில் 0 வைத்தாலும் ஒரு பைட்டும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, கீழே வரும்.

பார்ப்பதற்குக் கருவி தேட வேண்டாம். புரோட்டோபஃபின் கம்பைலரான புரோட்டாக்கில் "டிகோட் ரா" என்ற கொடி ஸ்கீமா இல்லாமலே ஃபீல்டு எண்களைக் காட்டும். ஆவ்ரோ கோப்பு என்றால் ஆவ்ரோ டூல்ஸ் ஜாரில் "கெட்ஸ்கீமா", "டூஜேசான்" இரண்டும் போதும்.

## அறிகுறி: ஆவ்ரோவில் எழுதும்போதே நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்

பழைய ஜாவா பதிப்புகளில் "நல் ஆஃப் ஸ்ட்ரிங் இன் ஃபீல்டு குறிப்பு" என்கிற மாதிரி வரும். ஃபீல்டின் வகை வெறும் ஸ்ட்ரிங். உள்ளே நல் இருக்கிறது. இதில் மர்மம் ஏதும் இல்லை. ஆனால் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஸ்கீமாவில் டிஃபால்ட் கொடுத்திருக்கிறேனே, அது ஏன் வரவில்லை?"

ஆவ்ரோவில் டிஃபால்ட் என்பது படிப்பவருக்கானது. பழைய ஸ்கீமாவில் எழுதிய தரவில் அந்த ஃபீல்டு இல்லாதபோது, படிப்பவரின் ஸ்கீமாவில் உள்ள டிஃபால்ட் அந்த இடத்தை நிரப்பும். எழுதுபவருக்கு அது உதவாது. ஜாவாவில் ஸ்கீமாவிலிருந்து ஜெனரேட் ஆகும் வகுப்பில் ஒரு பாதி விதிவிலக்கு உண்டு: நியூபில்டர் வழியாகப் போனால் நீங்கள் வைக்காத ஃபீல்டுகளுக்கு டிஃபால்ட் நிரப்பப்படும். "நியூ" போட்டு நேராகக் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டால் நிரப்பப்படாது. ஜெனரேட் ஆன கோப்பைத் திறந்து பாருங்கள், காலி கன்ஸ்ட்ரக்டருக்கு மேலே உள்ள குறிப்பிலேயே இது எழுதியிருக்கும். அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை.

பில்டரிலேயே வெடிக்கிறது என்றால் செய்தியைக் கவனியுங்கள். "நாட் செட் அண்ட் ஹேஸ் நோ டிஃபால்ட்" என்றால் நீங்கள் வைக்கவே இல்லை. "டஸ் நாட் அக்செப்ட் நல்" என்றால் வைத்தீர்கள், வைத்தது நல். முதலாவதற்கு ஸ்கீமாவைப் பார்க்க வேண்டும், இரண்டாவதற்குக் கூப்பிட்ட கோடை (நிரலை).

## அறிகுறி: ஸ்கீமாவே பார்ஸ் ஆகவில்லை, "இன்வேலிட் டிஃபால்ட்"

பத்தில் எட்டு முறை காரணம் மேற்கோள் குறி. வகைப் பெயராக வரும்போது நல் மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். டிஃபால்ட் மதிப்பாக வரும்போது மேற்கோள் இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் அடுத்தடுத்த வரியில் வருவதால் கை தானாகவே இரண்டுக்கும் மேற்கோள் போட்டுவிடும். அப்போது டிஃபால்ட் என்பது நான்கு எழுத்து கொண்ட ஒரு ஸ்ட்ரிங் ஆகிவிடுகிறது.

மீதி இரண்டு முறை வரிசை. டிஃபால்ட் நல் என்றால் யூனியனில் நல் முதலில் இருக்க வேண்டும்; டிஃபால்ட் 0 என்றால் இன்ட் முதலில். பிற்காலப் பதிப்புகள் இந்த விதியைத் தளர்த்தியிருக்கின்றன, ஆனாலும் நான் பழைய வரிசையையே எழுதுகிறேன். உங்கள் தரவை எந்த மொழியில், எந்தப் பழைய லைப்ரரி படிக்கப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

"பல வருடமாக ஓடிய ஸ்கீமா, லைப்ரரியை ஏற்றியதும் விழுந்துவிட்டது" என்றாலும் இதே கோளாறுதான். ஆவ்ரோ 1.9-லிருந்து ஜாவா பார்சர் டிஃபால்ட்டுகளைச் சரிபார்க்கிறது. அதற்கு முன் கண்டுகொள்ளாது. தப்பு அன்றைக்கே இருந்தது, சொல்ல ஆள் இல்லை.

## அறிகுறி: "எக்ஸ்பெக்டட் ஸ்டார்ட் யூனியன், காட் வேல்யூ ஸ்ட்ரிங்"

சாதாரண ஜேசானை எடுத்து ஆவ்ரோவின் ஜேசான் டிகோடருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆவ்ரோவின் ஜேசான் வடிவம் நாம் நினைக்கிற ஜேசான் அல்ல. யூனியனில் நல் அல்லாத மதிப்பு எதுவானாலும், வகையின் பெயரைச் சாவியாகக் கொண்ட ஓர் ஆப்ஜெக்டுக்குள் வரவேண்டும்: வெறும் 50 அல்ல, "இன்ட்" என்ற சாவிக்குள் 50. நல் மட்டும் நல் ஆகவே வரலாம். டெஸ்ட் தரவில் எல்லாம் நல் என்று வைத்துச் சோதித்தவர்களுக்கு இது ப்ரொடக்‌ஷனில்தான் தெரியவரும்.

வெளியாரிடமிருந்து வரும் ஜேசானை நேரடியாக இந்த டிகோடருக்குள் விடாதீர்கள். முதலில் சாதாரண ஜேசான் பார்சரால் படித்து, பிறகு பில்டரில் வையுங்கள். கூடுதல் வேலைதான், ஆனால் "வரவில்லை", "நல்" இரண்டையும் என்ன செய்வது என்று முடிவெடுக்க உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கிறது.

## அறிகுறி: நல் பதிவுகள் 0 என்று வருகின்றன, மற்றவை எல்லாம் குப்பை

இது அபூர்வம், ஆனால் வந்தால் ஒரு நாளைத் தின்றுவிடும். மேலே பைட் கணக்கை மறுபடி பாருங்கள். யூனியனில் நல் என்பது 00. யூனியன் இல்லாத வெறும் இன்ட் ஃபீல்டில் 0 என்பதும் 00. ஆக யூனியன் ஸ்கீமாவில் எழுதிய பைட்டுகளை வெறும் இன்ட் ஸ்கீமா வைத்து, எழுதியவரின் ஸ்கீமா இதுதான் என்று நம்பிப் படித்தால், நல் எல்லாம் அழகாக 0 ஆகும். 02 64 என்பதைப் படித்தால் மழை 1 என்று வரும், மீந்த 64 அடுத்த ஃபீல்டின் தலையில் விழும், அங்கிருந்து எல்லாம் ஒரு பைட் தள்ளிப்போகும்.

எக்ஸெப்ஷன் வந்தால் அதிர்ஷ்டம். அடுத்த ஃபீல்டும் எண்ணாக இருந்தால் சத்தமே வராது. பைட்டுகளோடு எழுதியவரின் ஸ்கீமா, அல்லது அதன் அடையாள எண், வருகிறதா என்று பாருங்கள். ஆவ்ரோ கோப்பில் ஸ்கீமா தலைப்பிலேயே இருக்கிறது. செய்திகளைக் கடத்தும் காஃப்காவில், ஸ்கீமாக்களைச் சேமித்துவைக்கும் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரியின் சீரியலைசர் (பதிவைப் பைட்டாக்கும் நிரல்) முன்னால் 5 பைட் வைக்கிறது: ஒரு 00, பிறகு 4 பைட்டில் ஸ்கீமா எண். இரண்டுமே இல்லாமல் வெறும் பைட்டை டேட்டாபேஸ் நெடுவரிசையில் போட்டு வைத்திருப்பவர்கள்தான் இதில் மாட்டுவார்கள்.

## அறிகுறி: ரெஜிஸ்ட்ரி சரி என்றது, பழைய கன்ஸ்யூமர் விழுகிறது

"ஃபவுண்ட் நல், எக்ஸ்பெக்டிங் இன்ட்." வெறும் இன்ட் ஆக இருந்த ஃபீல்டை யாரோ நல் ஏற்கும்படி மாற்றினார்கள். ரெஜிஸ்ட்ரியின் வழக்கமான விதி பேக்வர்ட். அதாவது புதிய ஸ்கீமாவால் பழைய தரவைப் படிக்க முடியுமா என்று மட்டும் கேட்கும். இன்ட் தரவை "நல் அல்லது இன்ட்" என்று படிப்பதில் என்ன சிக்கல்? ஒன்றுமில்லை. அதனால் பச்சை விளக்கு. பழைய ஸ்கீமாவோடு தரவைப் படிக்கும் நிரலான கன்ஸ்யூமரைப் பற்றி அந்த விதி பேசவே இல்லை.

இதில் கொடுமை, மாற்றிய அன்று எதுவும் நடக்காது. எழுதியவர் யூனியனும் படிப்பவர் வெறும் இன்ட்டும் ஆக இருந்தால், உண்மையில் நல் கிளை வந்தால்தான் ஆவ்ரோ மறுக்கும். மதிப்பு இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மானி பழுதாகும் அன்று முதல் நல் வரும், கன்ஸ்யூமர் விழும், எழுந்து அதே ஆஃப்செட்டை, அதாவது அதே செய்தியை, படிக்கும், மறுபடி விழும். மாற்றம் செய்தவர் அதற்குள் வேறு குழுவுக்குப் போயிருப்பார்.

கன்ஸ்யூமர்களை முதலில் ஏற்றுங்கள், எழுதும் ப்ரொட்யூசரைக் கடைசியில். பல குழுக்கள் படிக்கும் டாபிக் என்றால் விதியை ஃபுல் (பழையது, புதியது இரண்டும் ஒன்றையொன்று படிக்க வேண்டும்) என்று வைத்துவிடுங்கள். அப்போது இந்த மாற்றத்தையே ரெஜிஸ்ட்ரி மறுக்கும். நல் டிஃபால்ட்டோடு புதிய ஃபீல்டு சேர்ப்பதுதான் வழியாகும். எரிச்சலாக இருக்கும், ஆனால் இரவு தூங்கலாம்.

கன்ஸ்யூமரை ஏற்றிவிட்டேன், இருந்தும் விழுகிறது என்கிறீர்களா? அப்படியானால் ஜெனரேட் ஆன கோடைத் திறந்து பாருங்கள். வெறும் இன்ட் ஃபீல்டின் கெட்டர் ஜாவாவில் சின்ன "இன்ட்" தரும். நல் யூனியனான பிறகு அதே கெட்டர் "இன்டீஜர்" தரும். உங்கள் கோடில் கெட்டர் தருவதை ஒரு "இன்ட்" மாறியில் வாங்கியிருந்தால் கம்பைலர் தானே அன்பாக்ஸ் செய்துகொள்ளும், அதாவது "இன்டீஜர்" பொதியிலிருந்து எண்ணை எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை கிடையாது, பில்டு பச்சை. நல் வரும் அன்று அந்த வரியில் நல் பாயின்டர். ஸ்கீமா மாறியதும் கம்பைலர் கத்த வேண்டும் என்று நினைத்தால், ஆவ்ரோ மேவன் ப்ளகினில் நல் ஏற்கும் ஃபீல்டுகளுக்கு மட்டும் கெட்டர் ஜாவாவின் "ஆப்ஷனல்" வகையைத் தரும்படி ஓர் அமைப்பு உண்டு, அதை ஆன் செய்யுங்கள்.

அப்புறம் இன்னொன்று: விழுவது ஃபீல்டில் அல்ல, ரெக்கார்டின் மதிப்பைத் தொடும் முதல் வரியிலேயே என்றால், ஸ்கீமாவைத் திட்டாதீர்கள். வந்தது டூம்ஸ்டோன். கம்பாக்ட் ஆகும் (ஒவ்வொரு சாவிக்கும் கடைசி மதிப்பை மட்டும் வைத்திருக்கும்) காஃப்கா டாபிக்கில் மதிப்பு நல் ஆன செய்தி என்றால் "இந்தச் சாவியை அழித்துவிடு" என்று பொருள். டீசீரியலைசர் அதை நல் ஆகவே கையில் கொடுக்கும். முதல் வரியிலேயே அதைக் கேட்டுவிட வேண்டும்.

## அறிகுறி: புரோட்டோபஃபில் எல்லாம் 0 ஆக வருகிறது

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு மலை நிலையத்தின் வரைபடம் மூன்று வாரமாகத் தரையோடு தரையாக ஓடியது. தினமும் 0. எங்களுக்கு அது பிழையாகவே படவில்லை; 0 என்பது நியாயமான மதிப்புதானே. ஊரிலிருந்து ஒருவர் போன் செய்து, "இங்கே ஓடையில தண்ணி போகுது, நீங்க மழையே இல்லைங்கறீங்க" என்ற பிறகுதான் தோண்டினோம். மானி அடைத்துப்போயிருந்தது. நிலையம் ஒழுங்காக ஜேசானில் நல் என்றுதான் அனுப்பியிருந்தது.

நடுவில் ஜேசானைப் புரோட்டோபஃபாக மாற்றும் ஒரு சின்ன சேவை. அதில் முதலில் நல் பாயின்டர் வந்திருக்கிறது. ஜாவாவில் ஜெனரேட் ஆகும் செட்டர் சின்ன "இன்ட்" கேட்கும். நல் ஆன இன்டீஜரைக் கொடுத்தால் அன்பாக்ஸில் வெடிக்கும். அதை யாரோ "நல் என்றால் 0" என்று ஒரே வரியில் சரிசெய்திருந்தார்கள். எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேமில் பார்த்தேன். நான்தான்.

அந்த வரியைத் தூக்கினால் மட்டும் போதவில்லை. செட்டரைக் கூப்பிடாமல் விட்டாலும், படிப்பவரின் கெட்டர் 0 தான் தரும். ஜாவாவில் புரோட்டோபஃப் கெட்டர் ஒருபோதும் நல் தராது: எண்ணுக்கு 0, ஸ்ட்ரிங்குக்குக் காலி ஸ்ட்ரிங், மெசேஜுக்கு அதன் காலி உருவம். ஆகவே கெட்டர் தருவதை நல்லோடு ஒப்பிடும் ஒவ்வொரு வரியும் செத்த கோடு. வந்ததா இல்லையா என்று கேட்க "ஹேஸ்" என்று தொடங்கும் முறை வேண்டும். "ஆப்ஷனல்" போடாத புரோட்டோ3 எண் ஃபீல்டுக்கு அந்த முறை ஜெனரேட் ஆகாது. பைத்தானில் ஹேஸ்ஃபீல்டு கேட்டால் வேல்யூ எரர் வரும்.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் கோபம் குறையும். புரோட்டோ2-ல் எல்லா ஒற்றை ஃபீல்டுக்கும் ஹேஸ் இருந்தது. 2016-ல் வந்த புரோட்டோ3 அதை எண், ஸ்ட்ரிங் போன்றவற்றிலிருந்து எடுத்துவிட்டது. இல்லாமல் முடியாது என்று ஆனபின் 3.12-ல் "ஆப்ஷனல்" சோதனையாகத் திரும்பி வந்து, 2021-ல் 3.15-ல் கொடி ஏதும் இல்லாமல் கிடைத்தது. புரோட்டோ3-க்குப் பிந்தைய எடிஷன்ஸ் 2023-ல் நிலைமை தலைகீழ்: நீங்கள் வேறு சொல்லாவிட்டால் ஹேஸ் உண்டு. இடைப்பட்ட காலத்து ஸ்கீமாக்களில் இன்ட்32வேல்யூ போன்ற ராப்பர்கள் (ஒரு மதிப்பைச் சுற்றிய சிறு மெசேஜ்கள்) நிறைய இருக்கும். அவை வேலை செய்யும், உள்ளே 0 இருக்கும் ராப்பர் 12 00 என்று இரண்டு பைட்டில் போகும். இருக்கிற ராப்பரை "ஆப்ஷனல்" ஆக மாற்ற நினைக்காதீர்கள். பைட் வடிவம் வேறு, பழைய தரவு படிக்காது. புதிதாக எழுதுவதற்கு "ஆப்ஷனல்" போதும்.

வெறும் ஃபீல்டுக்கு "ஆப்ஷனல்" சேர்ப்பது மட்டும் பைட் அளவில் பாதுகாப்பானது. நாங்களும் அதைத்தான் செய்தோம். கோ மொழியில் எழுதிய சேவை மட்டும் கம்பைல் ஆகவில்லை. ஃபீல்டின் வகை பாயின்டராக மாறிவிட்டது. நல்லதுதான், பார்க்க வேண்டிய எல்லா இடத்தையும் கம்பைலரே காட்டிக்கொடுத்தது. ஜாவாவில் அந்த உதவி கிடைக்காது, கெட்டர் அதேபோல "இன்ட்" தந்துகொண்டிருக்கும். கெட்டரைக் கூப்பிடும் ஒவ்வொரு இடத்தையும் தேடி, முன்னால் ஹேஸ் வைக்க வேண்டும்.

இதில் ஒரு பின்வாசல் கண்ணி உண்டு. பழைய ப்ரொட்யூசர் எழுதிய உண்மையான 0 மழைகூட ஒரு பைட்டும் இல்லாமல்தான் போயிருக்கிறது. புதிய கோடு அதைப் படித்தால் ஹேஸ் "இல்லை" என்று சொல்லும். அதாவது நேற்றுவரை பழுதெல்லாம் வறட்சியாகத் தெரிந்தது. இன்றிலிருந்து பழைய வறட்சியெல்லாம் பழுதாகத் தெரியும். பைட்டில் வித்தியாசமே இல்லாதபோது எந்த லைப்ரரியாலும் பிரிக்க முடியாது. ப்ரொட்யூசர் மாறிய தேதியை எழுதிவைத்து, அதற்கு முந்தைய 0, காலி எல்லாவற்றையும் "தெரியாது" என்று குறித்தோம். அந்த மூன்று வாரத்தை மட்டும் நிலையத்தின் உள் நினைவகத்திலிருந்து ஒருவர் நேரில் போய் எடுத்துவந்தார்.

## அறிகுறி: புரோட்டோபஃப் செட்டர் நல்லை மறுக்கிறது

ஸ்ட்ரிங், மெசேஜ் செட்டர்களுக்கு ஜாவாவில் நல் கொடுத்தால் உடனே எக்ஸெப்ஷன். மதிப்பு இருந்தால் மட்டும் செட்டரைக் கூப்பிடுங்கள். அழிக்க வேண்டுமானால் "கிளியர்" முறை இருக்கிறது. பைத்தானில் ஒரு வேடிக்கை: கன்ஸ்ட்ரக்டரில் நன் (பைத்தானின் நல்) கொடுத்தால் "வைக்கவில்லை" என்று எடுத்துக்கொள்ளும், அதே ஃபீல்டுக்குப் பின்னர் நன் வைத்தால் டைப் எரர்.

புரோட்டோபஃபின் ஜேசான் பார்சர் நல்லைக் கண்டால் ஃபீல்டு வரவில்லை என்றே கொள்ளும். பட்டியலுக்குள் நல் வந்தால் ஜாவாவில் மறுத்துவிடும். பட்டியலில் "இல்லை" என்பதைச் சொல்லியே ஆகவேண்டுமானால், உள்ளே ஓர் ஆப்ஷனல் ஃபீல்டு கொண்ட சிறு மெசேஜ்களின் பட்டியலாக்குங்கள்.

## அறிகுறி: ஒரு ஃபீல்டை மாற்றப் போனால் மற்றவை அழிகின்றன, அல்லது எதையுமே அழிக்க முடியவில்லை

பதிவின் ஒரு பகுதியை மட்டும் மாற்றச் சொல்லும் பேட்ச் கோரிக்கைகளின் நிரந்தர வியாதி. ஜேசான் மெர்ஜ் பேட்சின் விதி, 2014-ல் வந்த ஆர்எஃப்சி 7396, தெளிவாகச் சொல்கிறது: சாவி வராவிட்டால் தொடாதே, நல் வந்தால் அழி. ஆனால் ஜெனரேட் ஆன ஜாவா வகுப்பில் இரண்டும் நல் ஆகவே முடியும். நல் எல்லாவற்றையும் எழுதினால் அனுப்பாததும் அழியும். நல்லைத் தவிர்த்தால் எதையும் அழிக்க முடியாது. இந்த இரண்டு புகாரும் மாறி மாறி வந்தால் யாரோ இரண்டு சரிசெய்தல்களுக்கு நடுவே ஊசலாடுகிறார்கள் என்று பொருள்.

மூன்று நிலை தாங்கும் வகைதான் மருந்து. ஓப்பன்ஏபிஐ (ஒரு ஏபிஐ-யின் வடிவத்தை விவரிக்கும் முறை) கோப்பிலிருந்து கோடு உருவாக்கும் ஜெனரேட்டர் ஜாவாவில் ஜேசான்நல்லபிள் என்ற பொதியைத் தருகிறது: வரையறுக்கப்படாதது, நல், மதிப்பு என மூன்றும் அதில் தெரியும். கோ மொழியில் பாயின்டர் போதாது. சாவி வராவிட்டாலும் நில் (கோவின் நல்), நல் வந்தாலும் நில். ரா மெசேஜ் வகையில் வாங்கினால் வராதது நில் ஆகவும், நல் வந்தது நான்கு எழுத்தாகவும் இருக்கும், பிரித்துவிடலாம். புரோட்டோபஃபில் இதற்காகவே ஃபீல்டு மாஸ்க் இருக்கிறது: மாற்ற விரும்பும் ஃபீல்டுகளின் பட்டியலைத் தனியாக அனுப்புவது. பட்டியலில் இருந்து, மெசேஜில் இல்லாவிட்டால் அழி.

## அறிகுறி: வகை "நல் வராது" என்கிறது, உள்ளே நல் இருக்கிறது

கோட்லினில் கேள்விக்குறி இல்லாத ஸ்ட்ரிங், அதற்குள் நல். ஜிசான் லைப்ரரி கன்ஸ்ட்ரக்டரைத் தாண்டி நேராக ஆப்ஜெக்டை உருவாக்க முடியும் என்பதால் கோட்லினின் காவலாளியைப் பார்க்காமலே உள்ளே போய்விடும். வெடிப்பது எங்கோ பத்துக் கோப்பு தள்ளி. கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷனுக்கோ, கோட்லின் மாட்யூல் சேர்த்த ஜாக்சனுக்கோ மாறுங்கள். ஜாக்சனிலும் பட்டியலின் உள்ளே வரும் நல்லை வழக்கமான அமைப்பு விட்டுவிடும். கடுமையான நல் சோதனைக்கு ஓர் அமைப்பு தனியாக உண்டு. ஜாக்சன் 2 வரிசையில் சின்ன "இன்ட்" ஃபீல்டுக்கு நல் வந்தால் சத்தமில்லாமல் 0 ஆகும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். அதை மறுக்கச் சொல்லும் கொடி இருக்கிறது, நான் எந்தப் புதிய ப்ராஜெக்டிலும் முதல் வேலையாக ஆன் செய்வது அதைத்தான்.

சி ஷார்ப்பில் டாட்நெட் 9 முதல் நல் குறிப்புகளை மதிக்கச் சொல்லும் அமைப்பு உண்டு. தானாக ஆன் ஆகாது. டைப்ஸ்கிரிப்டில் ஜெனரேட் ஆன வகைகள் ஓடும்போது காற்றில் கரைந்துவிடும், அங்கே காவலாளியே கிடையாது.

## அறிகுறி: ஓப்பன்ஏபிஐ-யில் நல்லபிள் எழுதியும் ஜெனரேட்டர் கேட்கவில்லை

பெயர்தான் நல்லபிள், நடத்தையில் நல்ல பிள்ளை இல்லை. ஓப்பன்ஏபிஐ 3.0-வில், வேறிடத்தில் எழுதிய வகையைச் சுட்டும் ரெஃப் போட்ட இடத்தில் பக்கத்தில் எழுதும் எதுவும் கணக்கில் வராது, நல்லபிள் உட்பட. ஆல்ஆஃப் கொண்டு சுற்றினால் பல ஜெனரேட்டர்கள் ஏற்கும், ஆனால் 3.0.3 தந்த விளக்கத்தின்படி அதே இடத்தில் வகை எழுதியிருந்தால்தான் நல்லபிள் செல்லும். கறாரான வேலிடேட்டர் மறுக்கும். வகை "எனம்" (அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) என்றால் அந்தப் பட்டியலிலும் நல்லைச் சேர்க்க வேண்டும்.

3.1-ல் நல்லபிள் என்ற சொல்லே இல்லை. வகையை "ஸ்ட்ரிங், நல்" என்று பட்டியலாக எழுத வேண்டும். கோப்பின் தலையில் பதிப்பு எண்ணை மட்டும் 3.1 என்று மாற்றியவர்களின் நல்லபிள்கள் ஒரே நாளில் ஊமையாகிவிடும். அத்தோடு, "ரிக்வயர்டு" என்பது சாவி வரவேண்டும் என்று மட்டும் சொல்கிறது. நல் வரக்கூடாது என்று சொல்லவில்லை.

## சில்லறை அறிகுறிகள்

கோ மொழியில் காலிப் பட்டியலுக்குப் பதில் நல் போகிறது: நில் ஸ்லைஸ் ஜேசானில் நல் ஆகும், உருவாக்கப்பட்ட காலி ஸ்லைஸ்தான் காலிப் பட்டியலாகும்.

ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பியது எண், வந்தது நல்: கணக்கில் எங்கோ நான் வந்திருக்கிறது, அதாவது "எண் அல்ல" என்னும் அந்த மதிப்பு, ஜேசானாக்கும்போது அது நல் ஆகிவிடும். சராசரி எடுக்கும் இடத்தில் 0-ஆல் 0-ஐ வகுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பைத்தானின் அட்டவணை லைப்ரரியான பாண்டாஸில் 50 என்பது 50.0 ஆகிறது: முழு எண் நெடுவரிசையில் ஒரே ஒரு நல் நுழைந்தாலும் வழக்கமான அமைப்பில் நெடுவரிசை முழுவதும் ஃப்ளோட் ஆகிவிடும், அதை ஆவ்ரோவின் இன்ட் கிளை ஏற்காது. படிக்கும்போதே பெரிய ஐ-யில் தொடங்கும் "இன்ட்64" என்ற நல் ஏற்கும் வகையைக் கேளுங்கள். சின்ன ஐ போட்டால் பழைய இன்ட்64, அது நல்லைத் தாங்காது.